எண்ணூர் கழிமுகம் எவ்வளவு வெள்ளத்தைத் தாங்குது? அதைக் கணக்கு போடுறது எப்படி – ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னை எண்ணூர்ல அலையாத்தி (உப்புத் தண்ணியில வளர்ற மரம்) நடுறதைப் பத்தி எந்தச் செய்தி வந்தாலும் அதுல ஒரு நம்பர்தான் பெருசா இருக்கும், எத்தனை ஆயிரம் கன்னு நட்டாங்கன்னு. அந்தக் கன்னு வளந்தா எர்ணாவூர்ல ஒரு வீட்டுக்குள்ள தண்ணி எத்தனை இன்ச் கம்மியா வரும், சடையங்குப்பத்துல ஒரு குடும்பம் எத்தனை நாள் முன்னாடியே வீடு திரும்பும், காட்டுக்குப்பத்துல எத்தனை நாள் தொழில் கெடாம இருக்கும், இந்த மூணும் எந்த அறிக்கையிலயும் என் கண்ணுல பட்டதில்ல. நான் திருவொற்றியூர்க்காரன், வடிகால் வேலைக்கு லெவல் (தரை மட்டம்) எடுக்குறதுதான் பொழப்பு, அதனால ஒரு விஷயத்தை எங்க நின்னு அளக்குறோம்ங்கறதைப் பொறுத்துதான் யாருக்குக் காசு ஒதுக்குவாங்கன்னு நல்லாத் தெரியும். இந்த ஆய்வுல நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். எண்ணூர் கழிமுகத்தோட பலனை மரக்கணக்குல எடுத்தா தப்பான எடத்துல தப்பான வேலை நடக்கும், வீட்டு வாசல்ல நின்னு எடுத்தாதான் அதோட மதிப்பு சரியாத் தெரியும்.

முதல்ல எடத்தைப் புரிஞ்சுக்குவோம். சென்னையில ஓடுற மூணு ஆத்துல படுகை பெருசு கொசஸ்தலைக்குத்தான். பூண்டி ஏரி நிரம்பித் திறந்தா அந்தத் தண்ணி இந்த வழியாத்தான் வரும், புழல் ஏரி உபரித் தண்ணியும் சடையங்குப்பம் பக்கம் வந்து இதுலதான் சேருது, பக்கிங்காம் கால்வாயும் குறுக்க வந்து விழுது. இத்தனையும் சேர்ந்து கடலுக்குப் போக வேண்டிய வாசல் எண்ணூர் முகத்துவாரம் ஒண்ணுதான், அதுவும் மண் மூடிக்கிட்டு அப்பப்ப தூர் வாரிக்கிட்டே இருக்கணும். கழிமுகத்தைச் சுத்தி அனல்மின் நிலையம், சாம்பல் குட்டை, 2001ல இருந்து ஓடிட்டிருக்கற எண்ணூர்த் துறைமுகம், அதுக்கு வடக்க காட்டுப்பள்ளித் துறைமுகம், தெக்க மணலி தொழிற்சாலைங்க. சாம்பல் படிஞ்சு ஆத்தோட ஆழம் போச்சு, உப்பளமா சேத்து நிலமா இருந்த எடமெல்லாம் மண்ணு கொட்டி மேடாச்சு. இதுக்கு மேல இப்ப காக்கா ஆழி வேற, வெளிநாட்டுல இருந்து வந்த இந்தச் சிப்பி அடி மண்ணு மேல பாய் விரிச்ச மாதிரி படர்ந்து இறால் ஒதுங்குற எடத்தையே மூடிருச்சு.

மரம் எவ்வளவு தடுக்கும்

அலையாத்தி பத்தி உலகம் முழுக்க அளந்து வச்ச நம்பர் இருக்கு. 2012ல நேச்சர் கன்சர்வன்சியும் வெட்லேண்ட்ஸ் இன்டர்நேஷனலும் சேர்ந்து பல எடத்து அளவுகளைத் தொகுத்தாங்க. 100 மீட்டர் அகலக் காடு அலையோட உயரத்தை 13 சதவீதத்துல இருந்து 66 சதவீதம் வரைக்கும் குறைக்குது. ஆனா புயல் நேரத்துல கடல் மட்டமே தூக்கிக்கிட்டு உள்ள வருமே, அதுக்குக் கணக்கு வேற, ஒரு கிலோமீட்டர் அகலக் காட்டுக்கு 5 செ.மீ.ல இருந்து 50 செ.மீ. வரைக்கும்தான் குறையும்.

இந்த ரெண்டு வரியையும் எண்ணூர்ல வச்சுப் பாருங்க. இங்க கரையோரம் நட முடியுற பட்டை பல எடத்துல 50 மீட்டர் இருந்தாலே பெருசு. கிலோமீட்டருக்கு 50 செ.மீ.ன்னு ரொம்பத் தாராளமா எடுத்தாலும் 50 மீட்டருக்கு ரெண்டரை செ.மீ.தான், குறைச்சலா எடுத்தா கால் செ.மீ. இந்த மாதிரி அப்படியே வகுத்துப் பாக்குறது முழுசா சரியில்ல, அடியில மண்ணு எப்படி இருக்கு, வேர் எவ்வளவு நெருக்கம், புயல் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எல்லாம் சேர்ந்துதான் நிஜ நம்பர் வரும், ஆனா எந்த அளவுல யோசிக்கணும்னு இது காட்டிடுது. ஒல்லியான பட்டை கடல் மட்டம் ஏறுறதை நிறுத்தாது. அது செய்யுற வேலை வேற, கரையை அரிக்க விடாம வேரால புடிச்சு வைக்கும், சின்ன அலையை உடைக்கும், இறாலுக்கும் மடவைக்கும் ஒதுங்க நிழல் கொடுக்கும். இதெல்லாம் பெரிய பலன்தான், நான் குறைச்சுச் சொல்லல. ஆனா வெள்ளத் தடுப்புன்னு பேர் போட்டு இந்தப் பட்டையை மட்டும் காட்டுனா, நாளைக்கு ஒரு புயல்ல தண்ணி உள்ள வந்ததும் "பாத்தீங்களா, இயற்கை வழியெல்லாம் வேலைக்காகாது, சுவர் கட்டுங்க"ன்னு சொல்றதுக்கு நாமளே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆயிடும், அந்தப் பயம் எனக்கு நிஜமாவே இருக்கு.

இன்னொண்ணும் இருக்கு, இதை யாரும் வெளிய பேசுறதில்ல. எண்ணூர்ல வெள்ளம் எல்லாமே கடல்ல இருந்து வர்றதில்ல, மேல இருந்து மழைத் தண்ணியாவும் வருது. அந்தத் தண்ணி வேகமா வெளிய போகணும். அது போற வாய்க்கால் நடுவுலயே கன்னு நட்டா செடி தண்ணியைத் தடுத்து மேல இருக்கற ஊர்ல மட்டத்தை ஏத்திவிடும். அதனால எங்க நடுறோம்ங்கறது எத்தனை நடுறோம்ங்கறதை விட முக்கியம்.

எடம்தான் பெரிய சொத்து

அப்ப வெள்ளத்துக்கு எது உதவுது? தண்ணி பரவுறதுக்கு இருக்கற எடம். கொசஸ்தலைல மழைத் தண்ணி திமுதிமுன்னு வர்ற அதே நேரம் கடல்ல ஏத்தம் (கடல் தண்ணி மட்டம் உசர்ற நேரம்) இருந்தா முகத்துவாரம் வழியா வெளிய போகாது, ஏத்தம் வடியுற வரைக்கும் சில மணி நேரம் அந்தத் தண்ணி எங்கயாச்சும் நின்னாகணும். முன்ன அது உப்பளத்துலயும் சேத்து நிலத்துலயும் பரவி நின்னுச்சு. இப்ப அந்த எடத்துல கண்டெய்னர் யார்டும் சாம்பலும் இருக்கறதால வீட்டுக்குள்ள வந்து நிக்குது.

இதைக் கணக்காப் போடுறது ஒண்ணும் கஷ்டமில்ல. ஒரு ஏக்கர் தாழ்வான நிலத்தை ஒரு மீட்டர் மண்ணு கொட்டி உசத்துனா கிட்டத்தட்ட 40 லட்சம் லிட்டர் தண்ணி நிக்குற எடம் போச்சு, 12,000 லிட்டர் லாரியில அள்ளுனா 330 லோடுக்கு மேல. இதுல ஒரு விஷயம் கவனிக்கணும், ஏத்தத்துலயே கடல் தண்ணி நிரம்பிக் கெடக்குற நிலத்தை முழுசா காலி எடம்னு எண்ணக் கூடாது, வெள்ளம் வர்ற நேரத்துல அதுல மிச்சம் எவ்வளவு கொள்ளும்ங்கறதுதான் கணக்கு. அதே மாதிரி ஆத்தோட அகலம் குறைஞ்சதால எவ்வளவு தேங்குதுங்கறதைத் தனியாப் பாக்கணும், எடம் போனதும் வழி குறுகுனதும் ரெண்டு வேற நஷ்டம்.

எதை அடிப்படையா வைக்குறதுங்கற கேள்விக்கு நம்ம கையிலயே பதில் இருக்கு. 1996ல ஒப்புதல் ஆன கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்துல கழிமுகம் எதுவரைக்கும்னு கோடு போட்டிருக்கு. அந்த வரைபடத்தை வச்சு ஒரு தடவை, இன்னைக்கு இருக்கற நெலமையை வச்சு ஒரு தடவை, கொஞ்சம் மீட்டெடுத்தா எப்படி இருக்கும்னு ஒரு தடவை, அதே மழையை அதே ஏத்தத்தோட கம்ப்யூட்டர் மாடல்ல ஓட்டணும். மூணுக்கும் நடுவுல ஒவ்வொரு தெருவுலயும் எத்தனை செ.மீ. வித்தியாசம் வருதோ அதுதான் கழிமுகத்தோட பலன். அமெரிக்காவுல 2012ல வந்த சாண்டி புயலுக்கு இதே வழியிலதான் போட்டாங்க, அதே புயலைச் சதுப்பு நிலம் இருக்கற மாதிரியும் இல்லாத மாதிரியும் ஓட்டிப் பாத்து, 62.5 கோடி டாலர் நேரடிச் சேதத்தைச் சதுப்பு நிலம் தடுத்துச்சுன்னு 2017ல வெளியிட்டாங்க. உலகம் முழுக்க அலையாத்தி வருஷத்துக்கு 6,500 கோடி டாலருக்கு மேல வெள்ளச் சேதத்தைத் தடுக்குதுன்னு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு, அது நல்ல நம்பர்தான், ஆனா அதை எண்ணூருக்கு வகுத்துப் போட முடியாது.

பரங்கிப்பேட்டை சொல்ற பாடம்

மாடல் வேணாம், நிஜத்துல நடந்ததை வச்சே ஒப்பிடலாமேன்னு தோணும். காடு இருந்த ஊர்ல எவ்வளவு சேதம், இல்லாத ஊர்ல எவ்வளவுன்னு பாத்தாப் போதாதா? இங்கதான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும், நம்ம தமிழ்நாட்டுலயே இதுக்கு உதாரணம் இருக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல இருந்து கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையில 18 குக்கிராமத்தை ஆராய்ஞ்சு, அலையாத்திக்குப் பின்னால இருந்த ஊர்ல உயிர்ச்சேதம் குறைச்சல்னு 2005ல எழுதுனாங்க. அடுத்த வருஷமே வேற ஆய்வாளர்கள் அதே டேட்டாவை எடுத்துத் திரும்பப் போட்டுப் பாத்து, அந்த ஊருங்க கடல்ல இருந்து தள்ளியும் உசரத்துலயும் இருந்துச்சு, வித்தியாசத்துல பெரும்பகுதிக்கு அதுவே காரணம்னு சொன்னாங்க. காடு ஒண்ணும் செய்யலன்னு இதுக்கு அர்த்தமில்ல. காடு எங்க வளருதோ அது ஏற்கெனவே அலை கம்மியா அடிக்குற ஒதுக்குப்புறமா இருக்கும், அதைப் பிரிக்காம எண்ணக் கூடாதுங்கறதுதான் விஷயம்.

இந்தச் சண்டையில இருந்து கத்துக்கிட்டு நல்லா செஞ்சது ஒடிசாவைப் பத்துன ஆய்வு. 1999 சூப்பர் புயல்ல கேந்திரபாடா மாவட்டத்துல பல நூறு கிராமத்தை எடுத்து, கடல்ல இருந்து தூரம் மாதிரி மத்த காரணங்களையும் சேர்த்துக் கணக்கு போட்டு, சவுதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் 2009ல வெளியிட்டாங்க. அத்தனையும் கழிச்ச பிறகும் கடலுக்கும் ஊருக்கும் நடுவுல காடு அகலமா இருந்த எடத்துல சாவு குறைச்சல்னு வந்துச்சு. அதே ஆய்வுல முன்னெச்சரிக்கைதான் அதை விட நிறைய உயிரைக் காப்பாத்துச்சுன்னும் நேர்மையாச் சொல்லியிருக்காங்க. இப்படி எழுதுனாதான் எதிர்வாதம் பண்றவனும் ஒத்துக்குவான்.

எண்ணூருக்கு வந்தா சின்னக்குப்பம், எர்ணாவூர், காட்டுக்குப்பம்னு ஒவ்வொண்ணோட தரை மட்டமும் வேற, ஒண்ணு கடலைப் பாத்த மாதிரி, ஒண்ணு ஆத்தைப் பாத்த மாதிரி. இதை அப்படியே பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டா பரங்கிப்பேட்டைல நடந்த அதே வாதம்தான் இங்கயும் நடக்கும்.

செவத்துல இருக்கற கோடு

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில மணலிப் பக்கத்துல இருந்து எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியா எர்ணாவூருக்குள்ளயும் கழிமுகத்துக்குள்ளயும் வந்துச்சு. தண்ணி வடிஞ்சப்புறம் எர்ணாவூர்ல வீட்டுச் செவத்துல கறுப்பா ஒரு கோடு நின்னுச்சு, கைய வச்சா பிசுபிசுன்னு ஒட்டும், மேல் விளிம்பு அடிமட்டம் வச்சுப் போட்ட மாதிரி அவ்வளவு நேரா. வெளிச் செவத்துல ஒரு உசரம், உள்ள ஃபிரிட்ஜ் கதவுல அதே உசரம், தெரு முனை கரண்ட் கம்பத்துலயும் அதே. அந்த ஜனங்களுக்கு அது அவ்வளவு பெரிய கொடுமை, துணி போச்சு, பாத்திரம் போச்சு, மூச்சு விட முடியல. ஆனா அளக்குறவனுக்கு அந்தக் கோடு சொல்ற விஷயம் எந்த சென்சாரும் சொல்லாது, ஒவ்வொரு வீட்டுலயும் தண்ணி எந்த மட்டம் வரைக்கும் நின்னுச்சுன்னு தெருத் தெருவா எழுதி வச்சிருந்துச்சு. ஒரு டம்பி லெவலும் (மட்டம் பாக்குற கருவி) ஸ்டாஃபும் (அளவு போட்ட நீளக் கம்பு) இருந்தா ரெண்டு பேர் சேர்ந்து ஒரு தெருவை அரை நாள்ல முடிச்சிடலாம், பக்கத்துல உசரம் தெரிஞ்ச பெஞ்ச்மார்க்ல (மட்டக் குறியில) இருந்து மட்டத்தைக் கொண்டு வந்து, கோட்டோட உசரத்தையும் வாசப்படியோட உசரத்தையும் எழுதிக்கணும். எத்தனை மணிக்கு ஏறுச்சு, எத்தனை நாள் நின்னுச்சுன்னு அந்த வீட்டு அம்மாகிட்ட கேட்டாலே கரெக்டா சொல்லிடுவாங்க.

இதுக்கு டைம் ரொம்பக் கம்மி. வடகிழக்குப் பருவமழை டிசம்பர்ல முடியும், ஜனவரில பொங்கல், வீட்டுக்கு வெள்ளை அடிச்சுடுவாங்க. அதுக்குள்ள எடுக்கலன்னா அந்த வருஷத்து டேட்டா போச்சு, அப்புறம் எந்த மாடலை ஓட்டுனாலும் அது சரியா தப்பான்னு வச்சுப் பாக்க எதுவுமே இருக்காது. கழிமுகத்துக்குள்ள தண்ணி மட்டம் பதிவு பண்ற கருவியும் வேணும்தான், பிவிசி பைப்புல போட்டு சவுக்குக் கம்புல கட்டி வைக்கலாம், ஆனா உப்புத் தண்ணியில சிப்பி ஒட்டி ஓட்டையை அடைச்சிடும், அடிக்கடி போய்ச் சுரண்டணும், அந்த வேலையைத் தினமும் ஆத்துல இறங்குற மீனவங்ககிட்ட சம்பளம் கொடுத்து ஒப்படைக்கறதுதான் சரி.

ரூபாயில போடும்போது யார் காணாம போறாங்க

தண்ணி மட்டம் தெரிஞ்சாச்சு, இனி அதை நஷ்டமா மாத்தணும். எப்பவும் செய்யுற முறை என்னன்னா, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம், 25 வருஷத்துக்கு ஒண்ணு, 100 வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஒவ்வொண்ணுக்கும் நஷ்டத்தைப் போட்டு, ஒரு வெள்ளத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நஷ்டத்தோட சராசரியை எடுத்து, அந்த ரெண்டுக்கும் நடுவுல உள்ள வாய்ப்பால பெருக்கி, கடைசி வெள்ளத்தை அதோட வாய்ப்பால பெருக்கி, எல்லாத்தையும் சேர்த்து, சராசரியா வருஷத்துக்கு எவ்வளவுன்னு எடுக்குறது. புரியறதுக்கு ஒரு கற்பனைக் குப்பத்தை வச்சுக்குவோம். அந்த மூணு வெள்ளத்துக்கும் நஷ்டம் 20 லட்சம், 1 கோடி, 2 கோடி. கணக்கு போட்டா வருஷத்துக்கு 16 லட்சம் சொச்சம் வரும். பக்கத்துச் சதுப்பை மீட்டெடுத்ததால சின்ன வெள்ளத்து நஷ்டம் 5 லட்சமாவும் நடு வெள்ளம் 80 லட்சமாவும் குறைஞ்சு, பெரிய வெள்ளத்துல ஒரு மாத்தமும் இல்லன்னு வைங்க. அப்ப 13 லட்சம் வரும். வருஷத்துக்கு 3 லட்சம் சொச்சம் மிச்சம், அதுல பத்துல ஒம்பது பங்கு அடிக்கடி வர்ற சின்ன வெள்ளத்துல இருந்தும் நடு வெள்ளத்துக்கு முன்னாடி வரைக்கும் உள்ளதுல இருந்தும்தான் வருது. அதனால "100 வருஷ வெள்ளத்தை இது தடுக்குமா"ன்னு மட்டும் கேட்டா இயற்கை வழி எப்பவுமே தோத்துடும், அதோட பலன் இருக்கறது வேற எடத்துல.

அடுத்த சிக்கல் இதை விடப் பெருசு. நஷ்டத்தை சொத்து மதிப்புல போட்டா ஒரு கம்பெனி குடோன்ல ஒரு அடி தண்ணி நிக்குறது, ஒரு குப்பமே மூழ்குறதை விடப் பெரிய நஷ்டமாத் தெரியும். ஏன்னா குப்பத்துல இருக்கறது வலை, ஃபைபர் படகு, மோட்டார், ஒரு பீரோ, ஒரு டிவி. அப்புறம் கணக்கு சொல்றபடி குடோனைச் சுத்திச் சுவர் கட்டுனா தண்ணி குப்பத்துக்குள்ள இன்னும் அதிகமாப் போகும், பேப்பர்ல அது லாபமா நிக்கும். இது கற்பனை இல்ல, சொத்து மதிப்பை மட்டும் வச்சா கணக்கு இங்கதான் கொண்டு போய் விடும். இதைச் சரி பண்ண வேலை போன நாள், புள்ளைங்க ஸ்கூல் போகாத நாள், ஆஸ்பத்திரிச் செலவு, கந்து வட்டிக்கு வாங்குன கடன், இதையெல்லாம் நஷ்டமா எழுதணும், அந்தக் குடும்பத்தோட மாச வருமானத்துல அது எத்தனை பங்குன்னும் போடணும். ஒரு குடும்பத்துக்கு மூணு மாச வருமானம் போறதும் ஒரு கம்பெனிக்கு மூணு நாள் வருமானம் போறதும் ரூபாயில ஒண்ணா இருக்கலாம், நஷ்டத்துல ஒண்ணில்ல.

அரசு கொடுத்த நிவாரணத்தையே நஷ்டம்னு எடுத்துக்குற பழக்கமும் இருக்கு, அதையும் விடணும். மிக்ஜாம் எண்ணெய்க் கசிவுக்கு 2,301 மீனவக் குடும்பத்துக்கு தலா 12,500 ரூபாய், இன்னும் 6,700 குடும்பத்துக்கு தலா 7,500, 787 படகுக்கு தலா 10,000, ஆக 8.68 கோடின்னு அறிவிச்சாங்க. இது குடும்பத்துக்கு ஒரே தொகை, ஒருத்தர் ஒரு வாரம் கடலுக்குப் போகலயா ரெண்டு மாசம் போகலயாங்கறது இதுல இல்ல. பட்டியல்ல பேர் வராதவங்க, கைய விட்டு இறால் தடவிப் பிடிக்குற இருளர் குடும்பங்க, ஆத்து மீனை வாங்கித் தெருவுல விக்குற பொம்பளைங்க, இவங்க நஷ்டம் முழுசா இதுக்குள்ள வந்துருச்சுன்னு நினைச்சா தப்பு.

அப்புறம் தள்ளுபடி விகிதம், அதாவது பின்னாடி வர்ற பணத்தை இன்னைய மதிப்புக்குக் குறைக்குற சதவீதம். 20 வருஷம் கழிச்சு கிடைக்கப் போற ஒரு லட்ச ரூபாய் பலனை இன்னைக்கு எவ்வளவா மதிப்போம்? 9 சதவீதம் போட்டா 17,800 ரூபாய் சொச்சம், 6 சதவீதம் போட்டா 31,000 சொச்சம். ஆசிய வளர்ச்சி வங்கி 2017 வழிகாட்டியில பொதுவா 9ன்னும் சில சமூக, சுற்றுச்சூழல் திட்டத்துக்கு 6ன்னும் வச்சிருக்கு. கொசஸ்தலைப் படுகையில 25.1 கோடி டாலர் கடன் கொடுத்து மழைநீர் வடிகால் கட்டுறதும் அதே வங்கிதான். கான்கிரீட் வடிகால் முதல் வருஷமே முழுப் பலன் கொடுக்கும், அப்புறம் தேஞ்சுக்கிட்டே வரும். அலையாத்தியும் சதுப்பும் முதல் சில வருஷம் ஒண்ணும் கொடுக்காது, கன்னுல பாதி செத்தும் போகலாம், ஆனா பொழைச்சது வருஷா வருஷம் கூடும், தண்ணியில வர்ற வண்டலைப் பிடிச்சுக் கடல் மட்டம் ஏற ஏற கூடவே கொஞ்சம் உசரும். அப்ப எந்த விகிதம் போடுறோம்ங்கறதே யார் ஜெயிப்பாங்கன்னு பாதி முடிவு பண்ணிடுது, அதை அறிக்கையோட கடைசிப் பக்கத்துல ஒளிச்சு வைக்கக் கூடாது.

கடக்கரையைப் பத்தி ரெண்டு வார்த்தை. 1876ல சென்னைத் துறைமுகத்துச் சுவர் கட்ட ஆரம்பிச்சதுல இருந்து வடக்க போக வேண்டிய மணல் தெக்கயே தங்கி மெரினா பெருசாச்சு, காசிமேட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் கரை அரிச்சுப் போய் கல்லு கொட்டிக் காப்பாத்த வேண்டியதாச்சு. அங்க அடும்புக் கொடியும் ராவணன் மீசையும் வச்சு மணல்மேடு உண்டாக்கலாம்னா முதல்ல மணல் வேணும். மணல் வரத்து இல்லாத எடத்துல செடியை மட்டும் நட்டா அது ஒரு பருவத்துல அடிச்சுக்கிட்டுப் போயிடும், இந்த நீளத்துக்கு இயற்கை வழின்னா அது மணலை இங்க கொண்டு வந்து சேக்குறதுதான்.

இப்ப என்ன செய்யணும்னா, அடுத்த அக்டோபருக்குள்ள எர்ணாவூர், சடையங்குப்பம், பர்மா நகர், காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பத்துல வீட்டு வாசப்படி மட்டத்தை எல்லாம் கடல் மட்டத்தோட ஒப்பிட்டு எடுத்து வார்டு ஆபீஸ்ல ஒட்டணும். கழிமுகத்துல ஆழம் அளந்து, தண்ணி எவ்வளவு கொள்ளும்னு ஒரு அடிப்படை நம்பர் வெளியிடணும், இனி யார் ஒரு ஏக்கர்ல மண்ணு கொட்ட அனுமதி கேட்டாலும் அந்த நம்பர்ல இருந்து எவ்வளவு கழியும், எந்தத் தெருவுல எத்தனை செ.மீ. ஏறும்னு அவங்களே கணக்கு காட்டணும். கன்னு நடுற ஒப்பந்தத்துல நட்ட எண்ணிக்கைக்குக் காசு கொடுக்காம மூணாவது வருஷமும் அஞ்சாவது வருஷமும் உயிரோட நிக்குறதுக்குக் கொடுக்கணும். வெள்ளம் வடிஞ்ச மறுநாள் செவத்துக் கோட்டை அளக்க ஆளும் கருவியும் மாநகராட்சி திருவொற்றியூர் மண்டலத்துலயோ பக்கத்துக் காலேஜ் சிவில் டிபார்ட்மென்ட்லயோ முன்கூட்டியே தயாரா இருக்கணும், லெவல் புடிக்கத் தெரிஞ்ச பசங்க திருவொற்றியூர்லயும் மணலிலயும் நிறைய பேர் இருக்கோம், கூப்பிட்டா வருவோம்.